உள்ளே யாரும் இல்லை

அரக்கு காய்வதற்குள் கதவு தட்டப்பட்டது.

வெளியிலிருந்து தட்டியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. தட்டியது உள்ளேயிருந்து. "இந்த அறைக்குள் நானே நுழைந்து சோதித்தேன். டானிக் புட்டிகள் தவிர உள்ளே யாரும் இல்லை, வேறெதுவும் இல்லை" என்று மருந்து ஆய்வாளர் தன் கைப்பட எழுதி, கதவுக்கும் நிலைக்கும் சேர்த்து ஒட்டி, மேலே சிவப்பு அரக்கை ஊற்றி, அரசாங்க முத்திரையை அழுத்தி எடுத்த அதே நிமிஷத்தில்.

டொக். டொக்.

ரொம்ப மரியாதையான தட்டல். தொந்தரவுக்கு மன்னிக்கணும் என்று சொல்வது போல் இருந்தது. ஆய்வாளர் முத்திரையைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

ஒரு தடவை சீல் வைத்தால் வைத்ததுதான். நீதிமன்ற உத்தரவு வேண்டும், மேலதிகாரி வர வேண்டும், சாட்சிகள் வேண்டும். அதற்கு முன் தொட்டால், தொட்டவர் வேலை போகும். இதையெல்லாம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பெடுப்பவரே அவர்தான்.

உண்மையைச் சொல்லிவிடுவோம். அவர் உள்ளே நுழையவில்லை. வலது காலை மட்டும் வாசற்படிக்கு அப்பால் வைத்தார். உள்ளே ஜன்னல் கிடையாது. விளக்கு சுவிட்சைத் தட்டினால் எரியவில்லை. ஆள் உயரத்துக்குப் பீப்பாய்கள் வரிசையாக நின்றன, அதற்கு அப்பால் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை. வைத்த காலை எடுத்துவிட்டார். ஆய்வாளருக்குச் சின்ன வயதிலிருந்தே இருட்டு என்றால் ஆகாது. வீட்டில் மின்சாரம் போனால் முதல் காரியமாக மனைவியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "பயப்படாத, நான் இருக்கேன்" என்று அவளுக்குத் தைரியம் சொல்வார்.

"அது என்ன சத்தம்?" என்றார் இப்போது, குரலை இறக்கி.

கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் நிதானமாகத் தலையைத் திருப்பினார். "டானிக் புளிக்கும் சார். கார்க் தெறிக்கும்."

"ரெண்டு கார்க்கா?"

"ஜோடியாத் தெறிக்கும்."

அந்த ஆளை ஆய்வாளர் மனசுக்குள் 'படத்துக்காரர்' என்று பெயர் வைத்திருந்தார். காரணம் இருக்கிறது.

பொய் லேபிள் ஒட்டிய மருந்துகளைப் பிடித்து உள்ளே தள்ளு என்று அரசாங்கம் துறையை முடுக்கிவிட்டிருந்த சமயம் அது. ஆய்வாளர் பங்குக்கு வந்து சேர்ந்தது நித்யதேக டானிக். சோதனைச்சாலையில் கொடுத்துப் பார்த்தால், கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் கஷாயம், மற்றதெல்லாம் தண்ணீர். லேபிளில் மூட்டுவலி குறையலாம், முடி வளரலாம், பயம் நீங்கலாம் என்று எல்லாமே 'லாம்', 'லாம்' என்று நழுவின. அடித்துச் சொன்ன வாக்கியம் ஒன்றே ஒன்று. ஒரு முட்டை வடிவப் படம், அதில் கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டும் முறுக்கிய மீசையுமாக ஒரு மனிதர், அதற்குக் கீழே: "எங்கள் நிறுவனரே சான்று. வயது நூற்றிருபது. இன்றும் திடமாக இருக்கிறார், தினமும் கடையில் அமர்ந்திருக்கிறார். நேரில் வந்து பார்க்கவும்."

ஆய்வாளர் நேரில் வந்து பார்த்தார். அதே கோட்டு, அதே மீசை, ஆனால் மிஞ்சிப்போனால் அறுபது வயது மதிக்கலாம்.

"இந்தப் படம் உங்களோடதா?"

"என்னோடதுதான்."

"வயசு?"

"போட்டிருக்கே சார்."

"நூத்தி இருபதா?"

"அது லேபிள் அடிச்ச அன்னிக்கு. இப்ப கொஞ்சம் கூட இருக்கும்."

ஆய்வாளருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் ஆயிற்று. குற்றவாளியே வாயால் ஒப்புக்கொண்டால் வேறென்ன வேண்டும்? சொந்தப் படத்தைப் போட்டுவிட்டு வயதை இரட்டிப்பாக்கி ஊரை ஏமாற்றுகிற ஆசாமி. இவரை அப்படியே கொண்டுபோய் நீதிபதி முன்னால் நிறுத்தினால் போதும். எனவே சீல் காகிதத்தின் அடியிலேயே இன்னொரு வரி சேர்த்தார்: "லேபிள் படத்தில் உள்ள நபரைக் கடையில் நேரில் சந்தித்துப் பேசினேன். திடமாக இருக்கிறார்."

"என்னைப் பாத்தேன்னு எழுதிட்டீங்களா?" என்று படத்துக்காரர் கேட்டார்.

"எழுதியாச்சு."

"கையெழுத்து?"

"போட்டாச்சு."

"அப்ப சரி," என்றார், பெரிய பாரம் இறங்கியவராக. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு இப்படிச் சந்தோஷப்படுகிற ஆளை ஆய்வாளர் அதுவரை கண்டதில்லை.

டொக். டொக்.

கடையின் இரும்பு ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்குக் கீழே ஒரு தலை குனிந்து எட்டிப் பார்த்தது. அலுவலக உதவியாளர். ஊரில் எல்லா சீலுக்கும் அரக்கு காய்ச்சுவது அவர்தான் என்பதால் பெயரே அரக்கு ஆகிவிட்டது. டானிக் வாசனை பட்டால் தும்மல் வரும் என்று வெளியிலேயே அடுப்பை வைத்துக்கொண்டு, கரண்டியை மட்டும் ஷட்டருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன சார் சத்தம்?"

"கார்க்கு அண்ணே."

"சரி சார்," என்று அரக்கு அடுப்பை அணைத்தார். "உள்ள நல்லாப் பாத்துட்டீங்கல்ல?"

"பாக்காமலா எழுதுவேன்?" என்று ஆய்வாளர் எரிந்து விழுந்தார்.

போன ஊரில் ஒரு தப்பு நடந்திருந்தது. சோதனைக்கு எடுத்த இருமல் மருந்தின் மேல் பக்கத்துக் கடை மருந்தின் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார். வழக்கு கவிழ்ந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லித்தான் இங்கே மாற்றினார்கள். அது கூடப் பரவாயில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு உயிர் இருந்து, தன் பயத்தால் அது போய்விட்டால்? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இந்த நினைப்புத்தான் அவர் கூடவே வந்தது.

சோற்றை வாயில் வைக்காமல் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி பார்த்தாள். அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை, மறைத்தாலும் நிற்காது. எல்லாவற்றையும் கொட்டினார்.

"ஏங்க, உள்ள ஒரு மனுசன் இருந்தா?"

"யாரும் இல்லேன்னு எழுதிட்டேனே."

"நீங்க எழுதினது அந்த மனுசனுக்குத் தெரியுமா?"

ஆய்வாளர் தட்டை நகர்த்திவைத்தார்.

"போய் உங்க மேலதிகாரி மேடம்கிட்ட உண்மையைச் சொல்லுங்க."

"சொன்னா நாளையிலேர்ந்து நான் உன்கூடத்தான் வீட்ல இருப்பேன்."

மனைவி சற்று யோசித்தாள். யோசித்துவிட்டு எழுந்து போய் முட்டை வேகவைத்தாள். "இந்த ரொட்டியையும் முட்டையையும் கொண்டுபோய்ப் பாருங்க. கார்க்குன்னா சாப்பிடாது. அப்ப நிம்மதியா இருக்கலாம்."

மறுநாள் மத்தியானம் அவர் போனபோது ஷட்டர் முந்தின நாள் விட்ட மாதிரியே பாதியில் நின்றது. குனிந்து உள்ளே போனார். வெளியே வெயில் கொளுத்துகிறது, கடைக்குள் முழங்கை சில்லிட்டது. படத்துக்காரர் நாற்காலியில் இருந்தார். சுவரில் தேதி காலண்டர் நேற்றைய தாளோடு தொங்கியது.

"தேதி கிழிக்கிறதில்லையா?"

"எனக்கு எதுக்கு சார் தேதி?"

பேச்சைப் பார் என்று நினைத்துக்கொண்டு, எதிர்க்கடை டீக்கார அம்மாவிடம் ரெண்டு டீ என்று குரல் கொடுத்தார். அந்த அம்மா ஷட்டருக்கு அடியில் தட்டை நீட்டி, "ரெண்டா?" என்று கேட்டாள்.

"ரெண்டுதான்மா. ஏன்?"

"இல்ல, கேட்டேன்," என்று போய்விட்டாள்.

படத்துக்காரர் கண்ணாடி டம்ளரைத் தொடவில்லை. "டானிக் தவிர நான் வேறெதுவும் குடிக்கிறதில்ல." அது ஆறி ஏடு கட்டியது. வீணாகப் போவானேன் என்று ஆய்வாளரே இரண்டையும் குடித்தார்.

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சின்னப் பொந்து, அதற்கு மரப்பலகை மூடி. நிரப்பிய புட்டிகளை உள்ளேயிருந்து கல்லாவுக்கு நீட்டுகிற வழி. அதை சீல் வைக்க மறந்துபோனது அப்போதுதான் ஆய்வாளருக்கு உறைத்தது. மறந்ததும் நல்லதாகப் போயிற்று. பலகையைத் தூக்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை உள்ளே தள்ளினார்.

டப்பா நகர்ந்தது. அவர் தள்ளியதால் அல்ல. அந்தப் பக்கமிருந்து யாரோ இழுத்ததால்.

"அய்யோ!" என்று பின்வாங்கியவர் ஸ்டூலில் இடித்துக்கொண்டார். "யாரோ இருக்காங்க!"

"இருந்தா என்ன சார்," என்றார் படத்துக்காரர். "இருக்கறவங்களையெல்லாம் கணக்கு எழுத முடியுமா?"

"யாருய்யா அது? உங்க ஆளா?"

"என் கடையில இருக்கறவங்க எல்லாரும் என் ஆளுதான்."

ஆய்வாளர் பொந்துக்கு அருகே வாயைக் கொண்டுபோய், "யாரு உள்ள?" என்றார்.  மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் மறுபடி கூப்பிட்டதும் அந்த மூச்சும் அடங்கிவிட்டது. பிறகு காலடிகள், மெல்ல, பின்னோக்கிப் போயின. கொஞ்ச நேரத்தில் டப்பா பொந்தின் விளிம்புக்கு வந்து நின்றது. ரொட்டித் துணுக்கு கூட இல்லை. கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட இருந்தது.

"உள்ள குழாய் இருக்கு," என்றார் படத்துக்காரர். "கழிவறை, கட்டில், எல்லா வசதியும் இருக்கு."

"கட்டில் எதுக்கு?"

"கார்க்குக்கு சார்," என்று சொல்லிவிட்டுப் படத்துக்காரர் சிரித்தார். மீசை மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆய்வாளரும் கூடச் சிரித்துவைத்தார். ஏன் சிரித்தோம் என்று வெளியே வந்தபின்தான் நினைத்துப் பார்த்தார், கழுத்து வியர்த்திருந்தது.

வீட்டில் மனைவி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கழுவியிருக்கே! கல்யாணம் ஆனதுலேர்ந்து நீங்க ஒரு நாள் கழுவினதுண்டா? பேயோ மனுசனோ, வளர்த்தவங்க நல்லா வளர்த்திருக்காங்க." அடுத்த நாளிலிருந்து டப்பா பெரிதாயிற்று. பழம் சேர்ந்தது. சின்னத் துண்டு ஒன்றும் சோப்பும் சேர்ந்தன. "கேட்டுப் பாருங்க, காரம் அதிகமா இருக்கான்னு," என்றாள்.

ஆய்வாளர் தினமும் மத்தியானம் ஆய்வு என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். டப்பாவைத் தள்ளினார், கழுவிய டப்பாவை வாங்கினார். இடைப்பட்ட நேரத்தில் படத்துக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். வேறு யாரிடம் பேசுவது? பேச்சில் அந்த ஆள் கெட்டிக்காரர். ஒரு விஷயம்தான் எரிச்சல். எழுந்து புறப்படும்போதெல்லாம், "நான் திடமா இருக்கேன்னு எழுதினீங்கல்ல சார்? அழிச்சுட மாட்டீங்களே?" என்று கேட்பார்.

"அரசாங்க எழுத்தை யாரும் அழிக்க முடியாது."

"அதான் சார் வேணும். நான் சொன்னா லேபிள், நீங்க சொன்னா சட்டம்."

இப்படியே விட்டால் நீதிமன்றத் தேதி வர மாதக்கணக்காகும், அதுவரை ஒரு ஆளுக்குச் சோறு போட்டு மாளாது என்று ஆய்வாளர் ஒரு யுக்தி செய்தார். மேலதிகாரிக்குப் போன் போட்டு, "மேடம், டானிக் புளிச்சு ஆவி வருது. வெடிச்சாலும் வெடிக்கும். ரகசியமா, சீக்கிரமா, நானும் அரக்கும் மட்டும் திறந்து அப்புறப்படுத்திடறோமே," என்றார்.

மேடம் சுறுசுறுப்பானவர். "வெடிக்குமா? அப்ப உடனே உத்தரவு வாங்கிடறேன். வெள்ளிக்கிழமையே திறக்கலாம். ஆனா ரகசியமா எதுக்கு? நானே வரேன். நீதிமன்ற அலுவலரைக் கூட்டிட்டு வரேன், பத்திரிகைக்காரங்களையும் வரச் சொல்றேன். உங்க சீல் எவ்வளவு ஒழுங்கா இருக்குன்னு எல்லாரும் பாக்கட்டும்."

ஆய்வாளர் போனை வைத்தார். இதுவரை இருந்தது அவர் வேலைக்கு வந்த ஆபத்து. இப்போது அதைப் பார்க்க ஊரையே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாயிற்று.

வியாழக்கிழமை ஒரு மெழுகுவர்த்தியோடு போனார். அரக்கைச் சூடுகாட்டி இளக்கி, காகிதத்தை மெல்ல உரித்து, உள்ளே இருப்பவரை வெளியே விட்டுவிட்டு, பழையபடி ஒட்டிவிடுவதாகத் திட்டம். இதைச் செய்கிறவனைக் கைது செய்ய வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவரே அவர்தான்.

"வேணாம் சார்," என்று படத்துக்காரர் முதல் தடவையாகக் குரல் உயர்த்தினார். "அதுல என் சமாச்சாரம் இருக்கு."

குரல் கல்லாவிலிருந்து வரவில்லை, காதோரத்திலிருந்து வந்தது. ஆய்வாளர் திடுக்கிட்டுத் திரும்பினார். படத்துக்காரர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். திரும்பிய வேகத்தில் சுடர் காகிதத்தில் பட்டது. பதறிப்போய் உள்ளங்கையால் தட்டி அணைப்பதற்குள் கையெழுத்து இருந்த மூலை கருகிவிட்டது.

கையெழுத்து இல்லாத சீல்! ஆள் இருக்கிற அறைக்கு 'யாரும் இல்லை' என்று சொன்னது ஒரு பொய் என்றால், அந்தப் பொய்யைச் சொன்னது யார் என்றுகூடத் தெரியாமல் போயிற்று. ஆய்வாளருக்கு அழுகையே வந்துவிட்டது.

"இன்னொண்ணு எழுதி மேல ஒட்டிடுங்க," என்றார் படத்துக்காரர், பழைய குரலில். "எல்லாத்தையும் எழுதுங்க."

புதுக் காகிதம் எடுத்து எழுதினார். மறுசோதனை செய்தேன், உள்ளே யாரும் இல்லை. லேபிள் படத்தில் உள்ள நபரைத் தினமும் கடையில் சந்தித்துவருகிறேன்.

"திடமா இருக்கறது?"

திடமாக இருக்கிறார்.

"முன்னைவிட?"

முன்னைவிடத் திடமாக இருக்கிறார். கையெழுத்து. தேதி. ஒட்டி முடித்தபோது படத்துக்காரரின் முகத்தில் தெரிந்த திருப்தியை எந்த டானிக்கும் கொடுத்துவிட முடியாது.

கடைசியாக ஒரே வழிதான் மிச்சம். பொந்துக்குள் வாயை வைத்து ஆய்வாளர் கெஞ்சினார். "நாளைக்குக் கதவைத் திறப்பாங்க. நீங்க பீப்பாய்க்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குங்க. சத்தமே போடாதீங்க. எல்லாரும் போனப்புறம் நான் மட்டும் தனியா வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன். சரியா?"

பொந்தில் காதை வைத்தார். பிறகு வெகு தூரத்திலிருந்து, பீப்பாய்களுக்கும் அப்பாலிருந்து, டொக், டொக்.

வெள்ளிக்கிழமை ஷட்டரை முழுக்கத் தூக்கினார்கள். வெயில் கடைக்குள் விழுந்தது. மேடம், நீதிமன்ற அலுவலர், காமிராவோடு இரண்டு பத்திரிகைக்காரர்கள், சாட்சிக்கு டீக்கார அம்மா என்று இடம் நெரிந்தது. அரக்கு மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, சீலைச் சுரண்டக் கத்தியோடு நின்றார். கூட்டத்தில் படத்துக்காரரை ஆய்வாளரால் பார்க்க முடியவில்லை. நாற்காலிப் பக்கம் முதுகுகள்தான் தெரிந்தன.

மேடம் காகிதங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "ரெண்டு தடவை சோதிச்சிருக்காரு. மறுசோதனைக்கும் தனிக் கையெழுத்து. இப்படி இருக்கணும் வேலை," என்றார். காமிரா மின்னியது. ஆய்வாளர் சிரிக்க முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை.

அரக்கு கத்தியைப் போட்டார். சீல் இரண்டாகப் பிளந்தது. கதவு முனகிக்கொண்டே திறந்தது.

உள்ளே இருட்டு. மேடம் டார்ச் அடித்தார். பீப்பாய்கள், புட்டி வரிசைகள், ஒரு கட்டில். யாரும் இல்லை. ஒரு பீப்பாய், இரண்டு பீப்பாய் என்று வெளிச்சம் நகர்ந்தது, யாரும் இல்லை. ஆய்வாளர் மூச்சை விட்டார். விட்ட மூச்சு முடிவதற்குள், கடைசிப் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து ஒல்லியாக ஒரு ஆள் பாய்ந்து வந்தார். முளைத்த தாடி, கலைந்த தலை, நெஞ்சோடு அணைத்த சாப்பாட்டு டப்பா. வெளிச்சம் கூசக் கண்ணை இடுக்கிக்கொண்டு நேராக வந்து மேடத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"அம்மா, அந்த ஆளை என்கிட்ட வர விடாதீங்கம்மா!" என்று ஆய்வாளரைக் காட்டினார்.

"யாருய்யா நீ?" என்றார் மேடம்.

"இந்தக் கடை முதலாளிங்க. வீடும் எனக்கு இந்த அறைதான். அரசாங்கத்துலேர்ந்து வந்திருக்காங்கன்னு காதுல விழுந்ததும் பீப்பாய்க்குப் பின்னாடி குனிஞ்சேன். நிமிந்து பாத்தா கதவைச் சாத்திட்டாங்க. தட்டினேங்க."

"தட்டினா? வாயைத் திறந்து கத்த வேண்டியதுதானே!"

"கத்தலாம்னுதான் போனேன். கதவுகிட்ட காதை வச்சா, வெளிய இவரு தனியாப் பேசிட்டிருக்காரு. கேள்வி கேக்கறாரு, கொஞ்ச நேரம் சும்மா இருக்காரு, ஆமாம்ங்கறாரு, சிரிக்கறாரு. தினம் வர்றாரும்மா! வாயைத் திறந்தா உள்ள வந்துடுவாரோன்னு மூச்சைப் பிடிச்சுட்டு இருந்தேன். நேத்து, எல்லாரும் போனப்புறம் நான் மட்டும் தனியா வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னாரு. எங்கேன்னு சொல்லல." அந்த ஆள் டப்பாவை இன்னும் இறுக்கிக்கொண்டார். "சாப்பாடு மட்டும் நல்லா இருந்துச்சு."

"பொய் மேடம்!" என்று ஆய்வாளர் கத்தினார். "முதலாளி இவர் இல்ல. முதலாளி அதோ..."

கூட்டம் விலகியது. கல்லாவுக்குப் பின்னால் நாற்காலி இருந்தது. அதன் மேல் விரல் கனத்துக்குத் தூசி படிந்திருந்தது. வருஷக்கணக்கில் அதில் யாரும் உட்கார்ந்த தடமே இல்லை.

"ரெண்டு டீ வாங்குவாரு," என்றாள் டீக்கார அம்மா, மெல்ல. "ரெண்டையும் அவரேதான் குடிப்பாரு. நாமென்ன கேக்கறதுன்னு விட்டுட்டேன்."

ஆய்வாளர் ஒரு புட்டியை எடுத்து நீட்டினார். கோட்டு, மீசை, ஒரு பக்கம் தூக்கிய புருவம். "அப்ப இது? இது யாரு?"

"எங்க தாத்தாவோட அப்பா," என்றார் ஒல்லி முதலாளி. "கடை வச்சவரு. அந்த நாற்காலியிலதான் உசிரு போச்சு. நான்லாம் பொறக்கவே இல்ல அப்ப. லேபிள்ல வயசைத் தவிர ஒரு எழுத்தை மாத்தினாலும் சும்மா விட மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாராம். பயந்துட்டு யாரும் மாத்தல."

மேடம் கதவுப் பக்கம் திரும்பி, பிளந்து தொங்கிய காகிதத்தின் அடி வரிகளை முதல் தடவையாகப் படித்தார். தினமும் கடையில் சந்தித்துவருகிறேன். முன்னைவிடத் திடமாக இருக்கிறார். அரசாங்கக் கையெழுத்து, அரசாங்க முத்திரை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் படித்தார்.  வெயில் அப்படியே அடித்துக்கொண்டிருக்க, கடைக்குள் எல்லார் முழங்கையும் சில்லிட்டது. நாற்காலி ஒரு தடவை கிறீச்சிட்டது, கனமான ஆள் வசதியாகச் சாய்ந்து உட்காரும்போது வருகிற சத்தம்.

அரக்கு மட்டும் எதையும் கவனிக்காமல், கீழே உதிர்ந்த அரக்குத் துண்டுகளை மறுபடி காய்ச்ச உதவும் என்று பொறுக்கிக்கொண்டிருந்தார். பொறுக்கி முடித்ததும் கைக்குட்டையை அவிழ்த்து, புட்டியில் இருந்ததை ஒரு தடவை படித்தார், கதவில் இருந்ததை ஒரு தடவை படித்தார்.

"வழக்கு நிக்காது சார்," என்றார். "இந்தக் கடையிலயே பொய் லேபிள் 'உள்ளே யாரும் இல்லை'ன்னு நாம ஒட்டின அந்த ஒண்ணுதான்."